அவிழ்த்தவள் அறுக்கட்டும்

மார்ச் 15, சனி

கிர்கிஸ் எல்லை திறந்துவிட்டதாம். சொன்னவர் என் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்த லாரி ஓட்டுநர். "டாக்டரம்மா, வண்டியெல்லாம் போகுது. நீங்க அந்தப் பக்கம் ஓஷ்லதானே படிச்சீங்க? போய்ப் பாக்கலையா?" அவர் வாயில் இன்னும் கொஞ்சம் பஞ்சைத் திணித்தேன். பாவம், அந்தப் பல்லுக்கு அவ்வளவு பஞ்சு தேவையே இல்லை.

போய்ப் பார்க்கலாம்தான். எந்த முகத்தோடு? நாங்கள் தாஜிக், அவர்கள் கிர்கிஸ். 2022 எல்லைச் சண்டையில் என் ஓஷ் தோழி பெர்மெத்தின் தம்பி தலந்தின் வீடு எரிந்தது. எங்கள் இஸ்ஃபாரா பக்கமும் வீடுகள் எரிந்தன. அதன்பிறகு அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மார்ச் 21, நவ்ரூஸ்

ஊரெல்லாம் புத்தாண்டுப் பண்டிகை. எனக்கு ஓஷ் விடுதி நினைப்பாகவே இருக்கிறது. பல் மருத்துவம் படித்த வருஷமெல்லாம் எனக்கும் பெர்மெத்துக்கும் ஒரே அறை. முதல் குளிர்காலத்தில் எனக்குக் கடும் காய்ச்சல். அவள் அம்மா தங்கள் ஊர் பாத்கெனிலிருந்து பஸ் பிடித்து வந்து, ஆட்டெலும்பு சூப்பைக் கரண்டி கரண்டியாக ஊட்டினார். "வயித்துல பொறந்தாத்தான் பொண்ணா? குடிடி!" அந்த அதட்டல் இன்னும் காதில் இருக்கிறது. அவர் இப்போது இல்லை. அந்தக் கையைக் கும்பிட வேண்டும்.

அந்த வசந்தத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தலந்த் அப்போது ஒரு வயதுக் குழந்தை, நடை பழகிக்கொண்டிருந்தான். முற்றத்தில் நிற்கிறான், இரண்டு காலும் கறுப்பு வெள்ளை நூலால் கட்டியிருக்கிறது! எந்தப் பாவி பிள்ளை காலைக் கட்டினான்? பதறி ஓடி, முடிச்சை அவிழ்த்துவிட்டேன். நிமிர்ந்தால் ஊரே வாயடைத்து நிற்கிறது. எதிரே பெண்கள் ஓட்டப்பந்தயத்துக்கு வரிசை கட்டி நிற்கிறார்கள். ஓடி முதலில் வருபவள்தான் கத்தியால் அந்த நூலை அறுக்கவேண்டுமாம். அறுத்தால்தான் பிள்ளை தடுக்காமல் நடக்குமாம், அறுத்தவள் குணமும் அதற்கு வருமாம். எனக்கு எப்படித் தெரியும்?

பெர்மெத்தின் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "விடுங்க. இவ அவுத்தா என்ன? என் பையன் இவ ஊருக்கும் நடந்து போவான்."

வந்தானே! வருஷா வருஷம் வந்து என் ஆப்ரிகாட் மரத்தில் குரங்கு மாதிரி ஏறினானே. அந்தக் காலால்தான் எரிகிற வீட்டிலிருந்து ஓடியிருக்கிறான்.

ஏப்ரல் 2

பெர்மெத்துக்கு என்னென்னவோ எழுதினேன். அழித்தேன். கடைசியில் "நவ்ரூஸ் வாழ்த்து" என்று மட்டும் அனுப்பினேன். நவ்ரூஸ் முடிந்து எத்தனை நாளாகிறது, அசடு!

ஏப்ரல் 4

பெர்மெத்தே கூப்பிட்டாள். "ஏண்டி மவ்சுனா, உங்க ஊர்ல இப்பத்தான் நவ்ரூஸா?" சிரித்தோம். அப்புறம் இரண்டு பேருமே அழுதோம்.

தலந்தின் மகள் நடக்கத் தொடங்கிவிட்டாளாம். பதிமூன்றாம் தேதி ஞாயிறு அன்று நூல் அறுக்கும் விசேஷம். "வந்துரு," என்றாள்.

"தலந்த் என்ன சொன்னான்?"

"அவன் ஒண்ணும் சொல்லல."

வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஏப்ரல் 11

என் கணவர் நெமத்தோடு சண்டை. "வீட்டைப் பறிகொடுத்தவன் அவன். விசேஷ வீட்டுல, நாலு பேர் முன்னாடி மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்னா? தாங்குவியா நீ?"

தாங்க மாட்டேன்தான். அதுக்காக? பயந்து வீட்டுலயே கெடக்கறதுக்கா பெர்மெத் அம்மா சூப்பைக் குடிச்சேன்?

போகிறேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

எல்லைக் காவலர் "யாரைப் பாக்க?" என்றார். "தம்பிய" என்று வாயில் தானாக வந்துவிட்டது.

தலந்த் புது வீட்டு வாசலில் நின்றான். தாடி வைத்திருக்கிறான். என் கையிலிருந்த ஆப்ரிகாட் வற்றல் பையை வாங்கிக்கொண்டான், முகம் பார்க்கவில்லை. நெமத் சொன்னது சரிதானோ? பெர்மெத் என் கையை விடவே இல்லை.

குழந்தையை முற்றத்தில் நிறுத்திக் காலைக் கட்டினார்கள். பெண்கள் ஓட வரிசை கட்டினார்கள். நான் சுவரோரமாக ஒதுங்கினேன். தலந்த் கத்தியோடு நடுவில் வந்தான். "யாரும் ஓட வேண்டாம்."

"ஓட்டமே இல்லாம என்ன விசேஷம்பா?" என்றாள் ஒருத்தி.

"முதல்ல வந்தவங்க நிக்கிறாங்க. எல்லை தாண்டி வந்திருக்காங்க, இதுக்கு மேல யாரு ஓடணும்?" நேரே என்னிடம் வந்தான். "அக்கா, இந்த ஊரு இன்னிக்கும் என்னை 'தாஜிக்காரி அவுத்துவிட்ட பய'ன்னுதான் கூப்பிடுது. வீடு எரிஞ்சப்போ பொண்டாட்டியத் தூக்கிட்டு இருட்டுல மேட்டுல ஓடினேன். கால் ஒரு இடத்துலயும் தடுக்கல." கத்தியை என் கையில் வைத்தான். "இவளுக்கும் நீங்கதான். ஆனா இந்தத் தடவை அவுக்காதீங்கக்கா. அறுங்க."

தினமும் பல் பிடுங்குகிற கை. இந்தத் தடவை முடிச்சைத் தொடவில்லை. அறுத்தேன். குழந்தை தத்தித் தத்தி நேரே வற்றல் பையிடம் போய்விட்டது.

ஆப்ரிகாட் பழுக்கும்போது தலந்த் குடும்பத்தோடு வருகிறானாம். சொன்னதும் நெமத் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனார். இப்போதே மரத்தடியைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்.