மீசை இல்லாத படம்

மார்கழிக் குளிர் திருச்சியைப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. ஆனால் என் உதடு மட்டும் வருஷம் தவறாமல் வெடித்துவிடும். இன்று காலை மருந்துக் கடையில் ஒரு வாசலின் டப்பா வாங்கி வந்து மூடியைத் திறந்தேன். வாசலினுக்கு வாசனையே கிடையாது என்பார்கள். எனக்கு இருக்கிறது. உப்புத் தண்ணீரும் ரப்பரும் உங்கள் மீசையும் கலந்த வாசனை. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்தேன். பிறகு, நேற்று நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது. படிக்க நீங்கள் இல்லை என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுகிற பழக்கம் நம் வீட்டில் உங்களுக்குத்தான் இருந்தது. எனக்குக் கிடையாது.

நேற்று உங்கள் முதல் வருஷத் திதி.

அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த ஹனிமூனைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். நமக்குக் கல்யாணம் ஆனபோது எனக்கு நாற்பத்தாறு வயது, உங்களுக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. நான் ஸ்ரீரங்கத்தில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, தென்னூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்து வந்தவள். நீங்கள் மனைவியை இழந்தவர், துறையூர்க்காரர், திருச்சியில் பம்ப்செட் கடை வைத்திருந்தவர். கல்யாணத்தை ஒருவரும் குறை சொல்லவில்லை. "ஒரு துணை வேணும்ல" என்றார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது. மாத்திரை எடுத்துக் கொடுக்க ஓர் ஆள், மணி அடித்தால் கதவைத் திறக்க ஓர் ஆள், அவ்வளவுதான் அவர்கள் சொன்ன துணைக்கு அர்த்தம். அதற்குமேல் நாம் எதற்காவது ஆசைப்பட்டால் அது அதிகப்படி.

நீங்கள் வாய்தவறி உங்கள் அக்காவிடம் அந்தமான் என்று சொல்லிவிட்டீர்கள். நான் அண்ணி என்று கூப்பிடுகிற அவருக்கு வந்ததே கோபம்!

"ஹனிமூனா? இந்த வயசுலயா? ஊரு சிரிக்கும்டா தம்பி. பேசாம ரெண்டு கோயிலுக்குப் போயிட்டு வாங்க" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஏம்மா, நீ பொறந்து வளர்ந்ததே தீவுலதானே? ரெண்டு பக்கமும் ஆறு ஓடுது. இன்னும் என்னம்மா தீவு வேணும் உனக்கு?" என்றார்.

இரண்டு ஆற்றுக்கு நடுவில் வளர்ந்தேன் என்பது உண்மைதான். ஆனால் படித்துறையின் கடைசிப் படிக்குக் கீழே என்னை ஒருநாளும் யாரும் இறங்க விட்டதில்லை. காவிரியில் தண்ணீர் வந்தால் இழுத்துக்கொண்டு போய்விடும், தண்ணீர் இல்லாவிட்டால் புதைகுழி. பெண் பிள்ளைக்கு எந்தக் காலத்திலும் ஆறு ஆகாது. நீங்களோ கிணற்றில் குதித்து வளர்ந்தவர், மோட்டார் இறக்குவதற்காகத் துறையூர்ப் பக்கத்துக் கிணறுகளில் எல்லாம் இறங்கியவர். தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னபோது, நீங்கள் சிரிக்கவில்லை. "அப்ப கடலுக்கே போயிடுவோம்" என்றீர்கள். உங்களை எனக்குப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். கல்யாணம் அதற்கு முன்பே ஆகிவிட்டது என்பது வேறு விஷயம்.

ஆனால் கிளம்பும் நாளில் அண்ணிக்கு போன் போட்டு, "சரிக்கா, கோயில்தான் போறோம்" என்றீர்கள். விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டே சொன்னீர்கள். பக்கத்தில் நின்ற நானும் வாயைப் பொத்திச் சிரித்தேன். அப்போது அது எனக்கு விளையாட்டாகத்தான் தெரிந்தது.

அந்தமானில் நாம் தங்கிய ரிசார்ட்டில் மற்ற ஜோடிகளெல்லாம் சின்னஞ்சிறுசுகள். வரவேற்பில் இருந்த பெண் நம்மைப் பார்த்து, "ஃபேமிலி டூரா சார்? பசங்க வரலையா?" என்று கேட்டாள். நீங்கள் மேஜையில் தட்டி, அந்தக் கூடமே திரும்பிப் பார்க்கும்படி, "ஹனிமூன்ம்மா!" என்றீர்கள். எனக்கு முகம் ஜிவ்வென்று ஆகிவிட்டது, ஆனாலும் பெருமையாக இருந்தது. அறைக்குள் போனால் கட்டில்மேல் துண்டுகளை முறுக்கி இரண்டு அன்னமாகச் செய்து, சுற்றிலும் செம்பருத்தி இதழ்களைத் தூவி வைத்திருந்தார்கள். "ரெண்டு துண்டும் போச்சு, இப்ப குளிச்சிட்டு எதுல துடைக்கிறது?" என்று கவலைப்பட்டீர்கள். ரசனை இல்லாத மனுஷர்.

கடலுக்குள் இறங்கச் சொல்லிக்கொடுத்தவள் ஷீலா என்ற பெண், போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். நீச்சல் தெரியாது என்றேன். "பரவாயில்லக்கா, நான் பிடிச்சுக்குவேன். வாயால மூச்சு விட்டுக்கிட்டே இருங்க, அது போதும்" என்றாள். ஆழம் இல்லாத இடத்தில் முதலில் பழக்கினாள். நான் பயந்தபடி எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கிணற்று வீரரான உங்களுக்குத்தான் சரிப்படவில்லை. கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற அந்தக் கண்ணாடிக்குள், உங்கள் மீசை வழியாகத் தண்ணீர் புகுந்துகொண்டே இருந்தது. கண் எரிகிறது என்று மேலே வந்தீர்கள். ஷீலா மீசையில் வாசலினை அள்ளி அப்பினாள். மறுபடியும் இறங்கினீர்கள், மறுபடியும் இருமிக்கொண்டு மேலே வந்தீர்கள். இன்னும் கொஞ்சம் அப்பினாள். தாளிக்கிற கரண்டி மாதிரி மின்னியது உங்கள் மீசை. பிரயோஜனம் இல்லை.

"சார், இவ்ளோ அடர்த்தியா இருந்தா தண்ணி வரத்தான் செய்யும். ஷேவ் பண்ணிட்டு நாளைக்கு வாங்க. இல்லன்னா அக்கா மட்டும் என்கூட வரட்டும்."

நீங்கள் மீசையைத் தடவிக்கொண்டீர்கள். எனக்குப் புரிந்தது. அந்த மீசை உங்கள் அப்பா போனபோது ஒரு தடவை, அம்மா போனபோது ஒரு தடவை எடுத்தது. அது தவிர உங்கள் மீசைமேல் கத்தி பட்டதில்லை. சாவு விழுந்தால்தான் உங்கள் பக்கத்து ஆண்கள் மீசையை எடுப்பார்கள். "விடுங்க, போட்ல சுத்திப் பாத்துட்டுப் போயிடுவோம்" என்று நானே சொன்னேன். ஏமாற்றமாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் நான் தலை பின்னிக்கொண்டிருந்தபோது குளியலறையிலிருந்து வெளியே வந்து நின்றீர்கள். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு மைதானம்.

"எப்படி இருக்கு?"

"யாரோ பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கீங்க."

"மீசை வளர்ந்துடும் பத்மா. திரும்ப இங்க வருவோமான்னு யாருக்குத் தெரியும்?"

கடலுக்குள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். மஞ்சளும் கறுப்புமாக மீன்கள் நம் முகத்துக்கு முன்னாலேயே வந்து நின்று, நம்மை விசாரித்துவிட்டுப் போயின. அங்கே யாருக்கும் நம் வயது தெரியாது. மேலே வந்து படகில் உட்கார்ந்ததும், "கிணத்துக்குள்ள இறங்கினா இருட்டுதான். இங்க கீழ போகப் போக வெளிச்சமா இருக்கே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். அப்போதுதான் ஷீலா அந்தப் படத்தை எடுத்தாள். நெற்றியில் கண்ணாடி அழுத்திய தடம், ஈரத் தலை, மீசை இல்லாத உதடு, கடைவாய்ப் பல் வரை தெரிகிற சிரிப்பு. நான் கல்யாணம் செய்துகொண்ட மனிதர் அந்தப் படத்தில் இருக்கிறவர்தான்.

திரும்பி வந்து துறையூருக்குப் போனோம். வாசலிலேயே உங்கள் முகத்தைப் பார்த்து அண்ணி மார்பில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, யாருடா போயிட்டா?"

"யாரும் இல்லக்கா."

"பின்ன என்னடா மீசையை..." என்றவர், சட்டென்று முகம் மலர்ந்தார். "ராமேஸ்வரமா? அப்பாவுக்குத் திதி குடுத்தியா தம்பி?"

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தெரியாத ஊரில் மேஜையைத் தட்டி ஹனிமூன் என்றவருக்குச் சொந்த அக்கா முன்னால் நாக்கு எழவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அக்கா மனசு கஷ்டப்படும் பத்மா" என்றீர்கள். "அப்ப என் மனசு?" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முக்கொம்புக்குக் கூட்டிப்போய், மீன் வறுவல் வாங்கிக் கொடுத்து என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தீர்கள். கோபத்தோடேயே சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது. "ஒருநாள் நானே சொல்றேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன், போதுமா?" என்றீர்கள். நம்பினேன். உங்கள் மீசை வளர்ந்தது. அண்ணியின் கதையும் வளர்ந்தது. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "எங்க தம்பி கல்யாணம் ஆன கையோட ராமேஸ்வரம் போயி அப்பாவுக்குச் செஞ்சான், எந்தப் புள்ளைக்கு அந்த மனசு வரும்?" என்பார். நீங்கள் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவீர்கள். நான் உங்களைப் பார்ப்பேன். இப்படியே வருஷங்கள் போயின. போன மார்கழியில், கடையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்களும் போய்விட்டீர்கள்.

காரியத்தின்போது அண்ணிதான் படத்தைத் தேர்ந்தெடுத்தார். கடையில் எடுத்த படம். முறுக்கிய மீசையும் நெரித்த புருவமுமாக, பரீட்சை அறையில் காப்பியடிப்பவனைத் தேடுகிறவர் மாதிரி இருந்தீர்கள். அப்போது எனக்கு வாய் திறக்கத் தெம்பில்லை. வருஷம் முழுக்க அந்த முறைப்புக்குத்தான் விளக்கேற்றினேன். திதிக்கு முந்தின நாள் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, பெரிதாக்கிச் சட்டம் போட்டு வைத்திருந்த படகுப் படத்தை மாட்டினேன். சந்தனம் வைத்து மாலையும் போட்டேன்.

நேற்று காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் அண்ணியின் மகன் திதி கொடுத்தான். முடித்துக்கொண்டு தென்னூரில் நம் வீட்டுக்கு வந்த அண்ணி, கூடத்தில் கால் வைத்ததும் நின்றுவிட்டார்.

"என்ன பத்மா இது? திதியும் அதுவுமா பல்லைக் காட்டிக்கிட்டு இருக்கற படத்தையா மாட்டுவ?"

"நல்லாத்தானே அண்ணி இருக்காரு."

கிட்டே போய்ப் பார்த்தார். குரல் இளகியது. "மீசை இல்லையே. ராமேஸ்வரத்துல எடுத்ததா?"

தலையை ஒருதரம் ஆட்டியிருந்தால் போதும். படமும் சுவரில் இருந்திருக்கும், அண்ணியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டிருப்பார். அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் என் கழுத்து ஆடவில்லை.

"இல்ல அண்ணி. நாங்க ராமேஸ்வரம் போகவே இல்ல. அந்தமான் போனோம். கடலுக்குள்ள இறங்கி மீன் பாத்தோம். அதுக்குத்தான் மீசையை எடுத்தாரு."

"அப்ப அப்பாவுக்கு?"

"குடுக்கல அண்ணி."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "செத்தவனைப் போயி இப்படி விட்டுக்குடுத்துட்டியே. கட்டினவ செய்யற காரியமா இது?"

பதில் சொல்வதற்குள் துறையூர் ஆட்கள் வந்துவிட்டார்கள். படையல் போட்டோம். பந்தியில் உட்காரும்போது உங்கள் சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை அண்ணாந்து பார்த்தார். "இது எப்ப எடுத்தது? ஆளே வேற மாதிரி இருக்கானே?"

அண்ணி எழுந்தே விட்டார். எல்லாம் தெரிந்த பிறகும், "அது ராமேஸ்வரத்துல சித்தப்பா, அப்பா திதிக்குப் போனப்ப" என்றார். என்னைப் பார்க்கவே இல்லை.

நான் சாம்பார் வாளியோடு பந்தி நடுவில் நின்றுகொண்டிருந்தேன். உங்கள் ஜனம் மொத்தமும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"இல்லைங்க சித்தப்பா. அது அந்தமான்ல எடுத்தது. எங்க ஹனிமூன்ல."

சித்தப்பா என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். "அதானே பார்த்தேன்" என்றார். "இவன் இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லையே. சாம்பார் ஊத்தும்மா."

அண்ணி சாப்பிடாமல் கிளம்பினார். போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. வருவாரா, மாட்டாரா, தெரியாது. அவர் கேட்டதற்கு அங்கே சொல்ல முடியாத பதிலை உங்களிடம் சொல்கிறேன். நான் உங்களை விட்டுக்கொடுக்கவில்லை. நல்ல மகனை, நல்ல தம்பியை நினைத்துக்கொள்ள ஊர் நிறைய ஆள் இருக்கிறது. ஒரு காலை வேளையில், பெண்டாட்டியோடு கடலுக்குள் இறங்குவதற்காக மீசையை எடுத்துவிட்டு வந்து நின்ற மனிதருக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? நானும் அவரை மறைத்துவிட்டால் அப்படி ஒருவர் இருந்ததாகவே ஆகாது. அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். நீங்களே வந்து கேட்டாலும் மாட்டேன்.