டவர்ல ஏறுனது காசிம் பாய்

2005 மே 12, வியாழன்

கோவில்பட்டி பிரவுசிங் கடைலேர்ந்து கழுகுமலைல தொறக்குற புதுக் கடைக்கு இன்னைக்கு டவர் வழியா, ஒயரில்லாம நெட்டு விட்டோம். ரெண்டு பக்கமும் பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டு நான்தான் ரூட்டராக்கிருக்கேன். நெட்டு எந்த வழியா போவணும்னு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கிடணும். சொல்லவேயில்ல.

"ஆன்டெனா திரும்பிருக்கும்"னு கெத்தா சொன்னேன். அத மாட்டுன காசிம் பாய் அந்தக் காத்துல மூணு தடவ டவர்ல ஏறுனாவ. "ஏலே, என்னயக் கொரங்குன்னு நெனச்சியா?"ன்னாவ. ஓனர் அண்ணாச்சி பாயப் பாத்து, "இனிமே நீரு வேலைக்கு வராண்டாம்"னுட்டாவ.

பாய் போனப்பெறவுதான் கண்டுபிடிச்சேன். ஒரு டிஸ்க்க அப்பிடியே காப்பி பண்ணி மத்ததுல போட்டதுல, ரெண்டு ரூட்டருக்கும் ஒரே அடையாள நம்பர். அடுத்தது சொல்லுறத, தானே சொன்னதுன்னு நெனச்சு ரெண்டும் தள்ளிருக்கு. ஒண்ணுல நம்பர மாத்துனேன், நெட்டு சும்மா பிச்சிக்கிட்டு வந்துச்சு!

அண்ணாச்சி, "நீதாம்ல கெட்டிக்காரன்"னு முதுகுல தட்டுனாவ.

பாய் ஏணிய விட்டுட்டுப் போயிட்டாவ. காலைல எடுக்க வருவாவ. தப்பு என்னுதுதான்னு அண்ணாச்சி இருக்கும்போதே சொல்லிரணும். சொல்லுவனா?