திரும்பித் தேடாதவரை நைனா என்று கூப்பிட மாட்டேன்

கடலுக்குள்ளேயே தங்கிவிட்ட என் நைனாவுக்கு, உன் ஸ்டெல்லாவின் முத்தம்.

சத்தம் வராமல் எழுதுகிறேன். போர்வைக்குள் ஃபோன் வெளிச்சம். அம்மா பக்கத்தில் அசந்து தூங்குகிறாள். அண்ணன் வாசலில் வலைக்குவியல் மேல் படுத்திருக்கிறான். சித்தப்பா எங்கே என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவர் இருமல் கேட்டது. கதவுக்கு மிகப் பக்கத்தில் கேட்டது.

உனக்குப் பயப்படுகிற பிள்ளைகளைப் பிடிக்காது என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன். பயமாக இருக்கிறது நைனா.

முதலில் வீட்டுச் சேதி. நான் பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். சேவியர் அண்ணன் காலேஜை விட்டுவிட்டான். உன் போட்டில் சித்தப்பாவோடு கடலுக்குப் போகிறான். அம்மா இப்போதும் அடையாறு முனையில்தான் மீன் விற்கிறாள். போன சனிக்கிழமை நான் கூடப் போயிருந்தேன். கண்ணாடி போட்ட ஒருவர் வஞ்சிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கண்ணு இப்படிச் செவந்துகீது?" என்றார். "அதுக்கும் தூக்கம் இல்ல சார், என்னை மாதிரி. எடுத்துக்கினு போய் நல்லாத் தூங்க வை" என்றாள் அம்மா. அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். அம்மா சிரிக்கவில்லை.

உன் உடம்பு கிடைக்கவில்லை என்பதால் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி வைக்க எங்களுக்கு இடம் இல்லை. கடற்கரை மணலில் குழி தோண்டி வைத்தோம். காற்றில் நிற்கவே இல்லை. எல்லோரும் வந்து ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "பரம தகப்பன் கூப்ட்டுக்கினாரு." அப்படியா நைனா? அவர்தான் கூப்பிட்டாரா? நீ கேட்டாயா அந்தக் குரலை?

சித்தப்பா இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறார். சாயங்காலம் ஜெபமாலைக்கு மாதா படத்துக்கு முன்னால் நீ உட்காரும் இடத்தில் உட்காருகிறார். அம்மாவோ, "ஆம்பள இல்லாத வூட்டுக்கு ஆண்டவரே ஓராளை அனுப்பிக்கீறாரு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். அரிசியும் மீனும் வருகிறதே, வேறு என்ன சொல்வாள்?

ஜெபம் முடிந்ததும் நாங்கள் உன் முன்னால் வந்து நின்று "ஸ்தோத்திரம் நைனா" என்போம், நீ கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போடுவாய். உன் விரல் வலைக் கயிற்றில் தேய்ந்து சொரசொரப்பாக இருக்கும். ஆனால் நீ போடுவது ஈ உட்கார்ந்தது போலத்தான் இருக்கும். கடவுள் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வரும். அவர் எவ்வளவு பெரியவர் என்று கோயிலில் சொல்வார்கள். எவ்வளவு மெதுவாகத் தொடுவார் என்பதை உன்னிடம்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது அந்தச் சிலுவையைச் சித்தப்பா போடுகிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்தக் கேனைத் தூக்குகிறவரைக்கும்.

சொல்கிறேன். போன வாரம் சித்தப்பாவும் அண்ணனும் போட்ட வலை ஒன்று அறுந்து போய்விட்டது. காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் சுற்றிச் சுற்றித் தேடியிருக்கிறார்கள். கரைக்கு வந்ததும் டீசல் கேனை வீட்டுக்குத் தூக்கிப் போகச் சொன்னான் அண்ணன். போட்டிலேயே விட்டால் காணாமல் போய்விடும் என்று நீயும் எப்போதும் என்னைத்தானே தூக்கச் சொல்வாய். நான் பலமாகப் பிடித்து இழுத்தேன். கேன் காகிதம் மாதிரி மேலே வந்தது. நான் பின்னால் விழப் பார்த்தேன். "இன்னாடி கன்னியாஸ்திரி, காலி கேனோட மல்லுக்கட்டுற?" என்று அண்ணன் சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கை வேறொன்றை நினைத்துக்கொண்டது.

நீ திரும்பி வராத அன்றைக்கும் அந்தக் கேனை நான்தான் தூக்கினேன். காற்று அதிகம் என்று கூட வருகிறவர்கள் யாரும் வரவில்லை, நீங்கள் இரண்டு பேர் மட்டும் போனீர்கள். சாயங்காலம் சித்தப்பா மட்டும் வந்தார். மணலில் விழுந்து புரண்டு அழுதார். "காலையிலயே அலை அடிச்சித் தூக்கிக்கினு போயிடுச்சி. நாள் பூரா சுத்தினேன். டீசல் தீர்ற வரைக்கும் தேடினேன்" என்று எல்லோரிடமும் சொன்னார். குப்பமே அழுதது. அம்மாவைப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, வழக்கம்போலப் போட்டில் ஏறிக் கேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வழியில் பல முறை கீழே வைத்துக் கை மாற்றினேன். உள்ளங்கையில் கைப்பிடி பதிந்து சிவந்திருந்தது.

கேன் கனமாக இருந்தது நைனா.

ஒரு வலைக்காக டீசல் தீரத் தேடுகிறவர், உனக்காகத் தேடவில்லை. அப்படியென்றால் காலையிலிருந்து சாயங்காலம் வரை எங்கே இருந்தார்? எஞ்சினை அணைத்துவிட்டு, நங்கூரம் போட்டுவிட்டு, கரைக்குத் திரும்ப நேரம் ஆகட்டும் என்று உட்கார்ந்திருந்தாரா? நீ கூப்பிட்டாயா? அவர் காதில் விழுந்ததா? பயந்துவிட்டாரா, அல்லது வேறு ஏதாவதா? எனக்குத் தெரியாது. தெரியாதது எதையும் நான் சேர்த்துச் சொல்ல மாட்டேன். தேடவில்லை என்பது மட்டும் தெரியும்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. நேற்று சித்தப்பா டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு கால் கழுவிக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டுவிட்டேன்.

"சித்தப்பா, நைனா போன அன்னிக்கு கேன் ஏன் அவ்ளோ கனமா இருந்துச்சி?"

"இன்னா கேன்?"

"டீசல் கேன். நான்தான் தூக்கினு வந்தேன்."

அவர் கையிலிருந்த செம்பு அப்படியே நின்றது. பிறகு தண்ணீரை மெதுவாக, ஒரு காலுக்கு, இன்னொரு காலுக்கு ஊற்றினார். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"உங்க அண்ணன் இப்ப யார்கூட கடலுக்கு வர்றான்?"

"உன்கூட."

"அக்காங். அத்த மட்டும் ஞாபகம் வச்சிக்கினு, நல்லாப் படி."

அவ்வளவுதான் பேச்சு. அன்று சாயங்காலம் ஜெபத்தில் என்னை முதலில் கூப்பிட்டார். கட்டைவிரலை என் நெற்றியில் வைத்து அழுத்தினார். எலும்பு வலிக்கிற மாதிரி, மேலிருந்து கீழே, பிறகு குறுக்கே. "இன்னிலேருந்து நான்தான் உனக்கு நைனா. சொல்லு, ஸ்தோத்திரம் நைனா." நான் சொல்லவில்லை. அம்மா, "சொல்லேன்டி, வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்று அதட்டினாள். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான், ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு. சித்தப்பா விரலை எடுக்காமலேயே, "வுடு அண்ணி, சொல்லுவா" என்றார்.

பிறகு அண்ணனிடம் சொன்னார், ஒரு நாள் விட்டு நாளை விடியற்காலை ஆழத்துக்குப் போகலாம் என்று. கூட வருகிற இரண்டு பேரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். "நாம ரெண்டு பேரு போதும். உனக்கே எஞ்சின் கைப்பிடிய குடுக்கிறேன்." அண்ணன் சந்தோஷத்தில் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. வெளியே கடல் கறுத்துக் கிடந்தது.

நைனா, ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். கேனைத் தூக்கிய நாளிலிருந்து என்னால் 'தந்தையே' என்று சொல்லி ஜெபிக்க முடியவில்லை. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் எங்களைக் கண்ணை மூடச் சொன்னார். "கடவுள் தூரத்துல இல்லம்மா. உன் அப்பா மாதிரி பக்கத்துல உக்காந்திருக்கார். அவர் முகத்தைப் பாரு, பேசு" என்றார். நான் கண்ணை மூடினேன். சித்தப்பாவின் முகம் வந்தது. திறந்துவிட்டேன். கடவுளும் இப்படித்தானோ என்று நினைத்தேன். ஒருவர் விழும்போது எஞ்சினை அணைத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறவர். பிறகு வந்து நம் வீட்டில் உன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, என்னை அப்பா என்று கூப்பிடு என்கிறவர்.

இன்று பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு வராமல் உடைந்த பாலத்துப் பக்கம் போனேன். வெயில். ஆற்றுத் தண்ணீர் கடலில் சேருகிற இடத்தில் நாய்கள் மட்டும் திரிந்துகொண்டிருந்தன. கோயிலில் கடவுளிடம் நாங்கள் 'உம்மை', 'உமக்கு' என்றுதான் பேசுவோம். அந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "நைனா" என்று கத்தினேன். "நைனா, நீ இருக்கியா இல்லியா?"

யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. உன்னையா, அவரையா? இரண்டு பேரையும்தான் காணவில்லையே.

அப்போது மாதா கோயில் கொடியேற்றத்துக் கூட்டம் நினைவுக்கு வந்தது. நான் சின்னப் பிள்ளை. தேர் வரும் வழியில் உன் கை நழுவிவிட்டது. பெசன்ட் நகர் முழுக்க ஜனம். எல்லோரும் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள், என்னையும் தள்ளிக்கொண்டு. நீ ஒருவன் மட்டும் எதிர்ப்பக்கமாக, எல்லோரையும் இடித்துக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு வந்தாய். சட்டைப் பொத்தான் எல்லாம் அறுந்திருந்தது. நான் அழுதுகொண்டே, "என்ன வுட்டுட்டுப் போய்ட்டியா?" என்றேன். நீ மூச்சு வாங்கியபடி, "லூசு, உன்ன வுட்டுட்டு நான் எங்கடி போவேன்?" என்றாய்.

அந்த முகம் அங்கே வந்தது நைனா. சித்தப்பாவின் முகம் போய்விட்டது. தகப்பன் என்றால் அதுதான். திரும்பித் தேடி வருகிறவர். சும்மா ஒருவர் நெற்றியைத் தொட்டுவிட்டு அந்தப் பெயரை எடுத்துக்கொள்ள முடியாது. கடவுள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டால் அவரும் அப்படி வருகிறவராகத்தான் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவரிடம் நான் பேசுவேன் என்று சொன்னேன். பேசினேன். கேன், செம்பு, அண்ணன், ஆழக்கடல் எல்லாவற்றையும் சொன்னேன். பதில் ஒன்றும் வரவில்லை. பயம் போகவும் இல்லை. ஆனால் நான் சொல்வதை யாரோ குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டார். அது எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதே.

அவரிடம் ஒன்று மட்டும் கோபமாகக் கேட்டேன். யாரும் எங்கள் நைனாவைத் தேடாத அந்தக் காலையில் நீ எங்கே போயிருந்தாய், அவர் பக்கத்தில் தண்ணீரில் இருந்தாயா என்று. அதற்கான பதில் உனக்குத்தான் தெரியும். இருந்தார் என்றால் எனக்கு எப்படியாவது சொல். அம்மாவுக்கும் சொல்ல வேண்டும்.

இப்போது விடியற்காலை விஷயத்துக்கு வருகிறேன். அண்ணனைத் தனியாக எழுப்பிச் சொன்னால் சிரிப்பான், போய்ச் சித்தப்பாவிடமே கேட்பான். கேட்டுவிட்டு அவரோடே கடலுக்கும் போவான். அம்மாவிடம் சொன்னால் முதலில் எனக்கு அடி விழும், விடிவதற்குள் அவளை நம்பவைக்க முடியாது. அதனால் கரையில் சொல்லப் போகிறேன். போட்டுகளைத் தள்ள எல்லா ஆண்களும் அங்கே இருப்பார்கள், பஞ்சாயத்துப் பெரியவர்களும் இருப்பார்கள். எல்லோர் காதிலும் விழுந்துவிட்டால் சித்தப்பா அண்ணனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போக முடியாது. போய்விட்டு ஒருவராகத் திரும்ப முடியாது.

என்ன நடக்கும் என்று தெரியவில்லை. பொட்டைப் பிள்ளை வாயைப் பார் என்பார்கள். அம்மா மானம் போயிற்று என்பாள். சித்தப்பா என்னைப் பார்ப்பார், அந்தச் சிரிப்போடு. என் குரல் எழும்பாமல் போய்விடுமோ என்றுதான் இப்போது என் பயமெல்லாம். அதற்கு மட்டும் கடவுளிடம் நீ பேசு. நீ அவர் பக்கத்தில்தானே இருக்கிறாய்.

இன்னொன்று. நான் நைனா என்று கூப்பிட்ட கடவுளைச் சித்தப்பாவும் தந்தையே என்றுதான் கூப்பிடுகிறார். சித்தப்பாவையும் தேடிக்கொண்டு வருவாரா அவர்? வருவார் என்றுதான் தோன்றுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. சித்தப்பாவுக்காக ஜெபம் பண்ணு என்று என்னிடம் சொல்லாதே, அது இன்னும் என்னால் முடியாது. எல்லார் முன்னாலும் அவரை ஒரே ஒரு கேள்வி கேட்பேன். என் நைனாவை எந்த இடத்தில் விட்டாய் என்று.

வெளியே செருப்புச் சத்தம் கேட்கிறது. சித்தப்பா அண்ணனை எழுப்புகிறார். ஃபோனை அணைக்கப் போகிறேன்.

இது உனக்கு நான் கொடுக்கும் வார்த்தை நைனா: போட்டுக்கு முன்னால் நான் நிற்பேன். என்னை இழுத்துப் போட்டால் மறுபடி எழுந்து நிற்பேன். இன்றைக்கு உன் மகன் கரையிலேயே இருப்பான்.

உன் பிள்ளை,
சேவியருக்குத் தங்கச்சி,
ஸ்டெல்லா