எழுநூற்று இரண்டாம் பக்கம்

சுருளிப்பட்டி
29.1.2025

அன்பு முனீஸு,

இங்கு எல்லோரும் நலம். உன் நாவலும் நலமாக வந்து சேர்ந்தது, அதைத் தூக்குகிற கைதான் வலிக்கிறது. ‘கொடிமேடை’ இரண்டு பாகத்தையும் திராட்சை எடை போடும் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்றே முக்கால் கிலோ. ஆயிரத்து நூற்று எண்பத்து நான்கு பக்கமாம். பள்ளிக்கூடத்தில் மூன்று பக்கக் கட்டுரைக்கே கடைசிப் பக்கத்தை என்னைப் பார்த்து எழுதியவள் நீ. ஒரு அரசியல் மர்ம நாவலை இவ்வளவு பெரிதாக எழுதுவாய் என்று யார் கண்டது?

உன் புத்தகத்தால் கம்பத்தில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. முந்நூறாம் பக்கத்தில் நிறுத்தியவர்கள் ஒரு கட்சி, முடித்தவர்கள் ஒரு கட்சி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் முதல் கட்சிக்குத் தலைவர். “கட்சிக் கூட்டம் நடக்குது, நடக்குது, நடந்துக்கிட்டே இருக்கு. கொலைகாரனுக்கே தூக்கம் வந்துரும்” என்கிறார். இன்சூரன்ஸ் ஏஜென்ட் சுருளிராஜன் எட்டே நாளில் முடித்துவிட்டு, மலைக்குப் போய் வந்த சாமி மாதிரி நடக்கிறார். முடிக்காதவர்களோடு நாவலைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்கிறார்.

எங்க வீட்டுக்காரரும் ஆரம்பித்துவிட்டார். மதியச் சாப்பாடு முடிந்ததும் பம்புசெட் நிழலில் உட்கார்ந்து தினமும் பத்துப் பதினைந்து பக்கம். ‘ஜோதியோட பிரெண்டு எழுதியது’ என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். நான் பின்னால் தொடர்கிறேன். போனில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் போனில் பேசினால் வீடு முழுக்கக் கேட்கும். மனசில் இருப்பதைக் கடிதத்தில் எழுதுவதுதானே நம் வழக்கம்.

உன்
ஜோதி

கோயம்புத்தூர்
5.2.2025

அன்புள்ள ஜோதி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்துச் சிரித்தேன். சிரிப்பதற்கு வேறு எதுவும் இப்போது கிடைப்பதில்லை. நானூறு பக்கத்தில் சொல்லியிருக்க வேண்டிய கதை என்று ஒருவர் எழுதுகிறார். இன்னும் ஆயிரம் பக்கம் இருந்தாலும் படிப்பேன் என்று இன்னொருவர். பேங்க் வேலையைப் பார்த்துக்கொண்டே ஆறு வருஷம் எழுதியதை ஆறு வரியில் ஒதுக்கிவிடுகிறார்கள்.

நீளத்தைச் சொன்னால் தாங்கிக்கொள்வேன். வேணி என்று ஒருத்தி வருகிறாள், மலைநகரத்துக் கவுன்சிலர். அவளைப் பற்றித்தான் பெரிய சண்டை. நாவலின் உயிரே அவள்தான் என்று பாதிப் பேர், நம்பவே முடியாத பொம்மை என்று பாதிப் பேர். அதுதான் எனக்கு வலிக்கிறது.

நீ எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறாய்? முடித்ததும் ஒளிக்காமல் உன் அபிப்பிராயத்தை எழுது. உன் ஒரு வார்த்தை எனக்குப் போதும்.

உன்
முனீஸ்வரி

சுருளிப்பட்டி
17.2.2025

முனீஸு,

எழுநூற்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறேன். அதற்கு மேல் போகவில்லை.

மேயர் தேர்தலுக்கு முன்னால் ஒன்பது கவுன்சிலர்களைக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறார்கள். ஒவ்வொருவரும் உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்கிறார்கள். ஓட்டு எண்ணினால் எட்டுதான் இருக்கிறது. மாற்றிப் போட்டவள் வேணி, வேட்பாளரின் சொந்தத் தம்பி மனைவி. அன்றிலிருந்து அவள் தன் தோட்டத்து ஆரஞ்சைத் தொடுவதில்லை. உண்மையைத் தன் வாயால் சொல்லும் வரை தொட மாட்டேன் என்று விரதம்.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். திராட்சையை எடுத்துவிட்டு ஆரஞ்சை வைத்தால் நான் வேணி ஆகிவிடுவேனா?

நீ மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒன்றியத் தலைவருக்கு நின்றது எங்க வீட்டுக்காரரின் அண்ணன், மூத்தார் சீனிச்சாமி. நானும் அதே ஒன்றியத்தில் கவுன்சிலர். கண்மாயைத் தூர்வாரித் தருவோம் என்று வீடு வீடாக ஓட்டுக் கேட்டவள் நான். தேர்தலுக்கு முந்தின நாள் அதே கண்மாயைத் தூர்த்து பிளாட் போடுவது பற்றி அவர் காரில் பேசியதைக் காதால் கேட்டேன். அதனால் மாற்றிப் போட்டேன், அவர் தோற்றார். பழி எங்களோடு இருந்த கவுன்சிலர் கர்ணன் அண்ணன் மேல் விழுந்தது. ஏன்? கோயிலில் நாங்கள் சத்தியம் செய்தபோது மற்ற எட்டுப் பேருக்கும் சூடம் ஒரே அடியில் அணைந்தது. அவருக்கு இரண்டாவது அடி தேவைப்பட்டது. சாமியே காட்டிக்கொடுத்துவிட்டது என்றார்கள். அவர் மகள் மகிமாவுக்கும் மூத்தார் மகன் சுரேஷ்கண்ணனுக்கும் நடந்திருந்த நிச்சயத்தை முறித்தார்கள். அந்தப் பிள்ளைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. திராட்சையை மட்டும் விட்டேன், தொண்டைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு.

இதை இந்த உலகத்தில் உன் ஒருத்திக்குத்தான் எழுதினேன். நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்ததால் எழுதினேன். கதைக்கு வைத்துக்கொள் என்று எழுதவில்லை.

எங்க வீட்டுக்காரரை நான் முந்திவிட்டேன், அவர் இப்போது முந்நூற்று எழுபதில் இருக்கிறார். தினமும் அடையாளம் வைத்த பக்கத்தைப் போய்ப் பார்க்கிறேன். உன் புத்தகம் அவருக்கு அலுத்துப் போக வேண்டும், தலைமையாசிரியர் கட்சியில் அவரும் சேர்ந்துவிட வேண்டும் என்று சுருளி வேலப்பரை வேண்டிக்கொள்கிறேன். தோழி புத்தகத்துக்கு இப்படி வேண்டுகிற நிலைமை யாருக்கும் வர வேண்டாம்.

ஜோதி

கோயம்புத்தூர்
23.2.2025

என் ஜோதிக்கு,

நீ திட்டியது எல்லாம் சரி. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. உன்னிடம் இதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் ஒன்றை நம்பு. வேணியை நான் கேவலமாக எழுதவில்லை. அத்தனை திருடர்களுக்கு நடுவே மனசாட்சி உள்ள ஒரே ஆள் அவள்தான். உன்னுடைய அந்த ஆறு கடிதங்களையும் எத்தனை தடவை படித்திருப்பேன் தெரியுமா? எப்பேர்ப்பட்டவள் என் தோழி என்று ஊருக்குச் சொல்ல முடியாத ஏக்கத்தில்தான் எழுதினேன். ஊர் வேறு, பழம் வேறு, பெயர் வேறு. இது நீதான் என்று என் வாயிலிருந்து வராது. என் பிள்ளை மேல் ஆணை.

மார்ச் 23 ஞாயிறு காலை அல்லிநகரத்தில் வாசகர் கூட்டம் வைத்திருக்கிறார்கள். நீ வருவாயா? உன் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

உன்
முனீஸு

சுருளிப்பட்டி
18.3.2025

அன்பு முனீஸு,

ஒரு மாதம் உனக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். இப்போது எழுத வேண்டியதாகிவிட்டது.

போன வாரம் அவர் எழுநூற்று இரண்டைக் கடந்தார். பம்புசெட் ஓரத்தில் நின்றுகொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

“ஏன் ஜோதி, வாக்கப்பட்டு வந்த வீட்டுக்கு ஒரு பொம்பள இப்பிடிச் செய்வாளா? அதையும் அஞ்சு வருசம் புருசங்கிட்டச் சொல்லாம இருப்பாளா? எல்லாம் நல்லா எழுதுனாக, இந்த எடத்துல கோட்டை விட்டுட்டாக உன் பிரெண்டு.”

எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிஷமே உடம்பெல்லாம் கூசியது. இந்த மனுஷன் என்னை எவ்வளவு நம்பியிருந்தால் பக்கத்தில் நிற்கிறவளையே அடையாளம் தெரியாமல் போயிருக்கும்? அன்று முடிவு செய்தேன். திராட்சைக் கொடியை வெட்டிவிடும் இந்தக் கவாத்து வேலை இன்னும் பத்து நாளில் முடிந்துவிடும். ஆட்கள் எல்லாம் போனதும் அவரை உட்கார வைத்து நானே சொல்லிவிடுவேன். அப்புறம் இரண்டு பேருமாகக் கர்ணன் அண்ணன் வீட்டுக்குப் போவோம். நான் கேட்டால் அவர் கூட வருவார். இதுவரை சொல்ல வராத தைரியம் உன் நாவலைப் படித்துத்தான் வந்தது என்றால், அதற்காக உன்னைப் பாதி மன்னிக்கிறேன்.

கூட்டத்துக்கு நான் வரவில்லை, கவாத்துக்கு வந்தவர்களுக்குச் சமைக்க வேண்டும். அவரை அனுப்புகிறேன். பக்கத்துத் தோட்டத்தில் அறுப்பு, அங்கே வாங்கி ஒரு பெட்டி பன்னீர் திராட்சை கொடுத்து விடுகிறேன். எனக்கும் சேர்த்து நீ சாப்பிடு.

உன்
ஜோதி

கோயம்புத்தூர்
24.3.2025

ஜோதி,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உன் போனை அணைத்து வைத்திருக்கிறாய்.

உன் வீட்டுக்காரர் நேற்றுக் கூட்டத்துக்கு முன்பே வந்து பெட்டியைக் கொடுத்தார். ஒன்றிரண்டு வார்த்தை பேசிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். விழாக்காரர்கள் பழத்தைத் தட்டில் அடுக்கி மேடை மேல் வைத்திருந்தார்கள்.

ஒரு மணி நேரம் என்னை வைத்துக் கிழித்தார்கள். நீளம் என்றார்கள், சும்மா இருந்தேன். கடைசியாக ஒருவர் எழுந்து, வேணி ஏ.சி. ரூமில் உட்கார்ந்து செய்த பொம்மை, ஒரு ஓட்டுக்காக யாராவது பழம் தின்பதை விடுவார்களா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “அவள் பொம்மை இல்லை. இதே பள்ளத்தாக்கில் இருக்கிறாள். ஆரஞ்சு இல்லை, இந்தப் பன்னீர் திராட்சைதான். ஒரு ஓட்டு மாற்றிப் போட்ட அன்றிலிருந்து இன்று வரை அவள் வாயில் படவில்லை” என்று தட்டைக் காட்டிச் சொல்லிவிட்டேன். கைதட்டினார்கள். கைதட்டல் முடிந்தபோதுதான் மூன்றாவது வரிசையிலிருந்து அவர் எழுந்து போவதைப் பார்த்தேன்.

உன் பெயரை நான் சொல்லவில்லை, ஜோதி. பெயர் சொல்லவே இல்லை. அவர் இருக்கிறார் என்று தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

முனீஸு

சுருளிப்பட்டி
3.4.2025

நாவலாசிரியர் திருமதி முனீஸ்வரி அவர்களுக்கு, வாசகி ஜோதிலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது.

தங்கள் ‘கொடிமேடை’ நாவலை முடித்துவிட்டேன். அபிப்பிராயம் கேட்டிருந்தீர்கள். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கூட்டம் முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய் ஒரு கொத்துத் திராட்சை அறுத்து வந்தார். தட்டில் வைத்து என் முன்னால் நகர்த்தி, “தின்னு” என்றார். நான் கையை நீட்டவில்லை.

“அப்ப கர்ணன் மச்சான் ஒண்ணும் செய்யலையா?” என்று கேட்டார். அண்ணன் தோற்றதைக் கேட்கவில்லை, இதைத்தான் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் சொன்னார்:

“இத நீ சொல்லிக் கேட்டிருந்தா உன் பக்கம் நின்னுருப்பேன், ஜோதி. நான் மைக்குல கேட்டேன். நாலு பேரு கைதட்டயில கேட்டேன்.”

அதிலிருந்து அவர் தோட்டத்து அறையில் படுக்கிறார். சாப்பாடு கொண்டுபோய் வைத்தால் சாப்பிடுகிறார். பேச்சு இல்லை. தாங்கள் இன்னும் ஐந்தாறு நாள் பொறுத்திருந்தால் நானே சொல்லியிருப்பேன். அது தங்களுக்குத் தெரியும். என் கடிதம் கையில் இருக்கும்போதுதான் மேடை ஏறினீர்கள். அவர் இருப்பது தெரிந்திருந்தால் பேசியிருக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பஸ் ஏறிப் போயிருந்தால் பேசியது சரியாகியிருக்குமா?

கர்ணன் அண்ணன் வீட்டுக்கு நான் தனியாகத்தான் போனேன். வாசலில் நின்றே சொன்னேன். மூத்தார் வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. “அன்னைக்கி எனக்கு வச்ச சூடம் பெரிய கட்டியா இருந்துச்சு ஆத்தா. நான் எத்தன பேருகிட்டச் சொன்னேன், யாரும் கேக்கல” என்றார். ஐந்து வருஷமாக அந்த மனுஷன் அந்தச் சூடத்தையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மகிமா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் செய்தது நியாயம்தான். மூத்தார் வீட்டில் என்னை உள்ளே விடவில்லை. அதனால் தெருவில் நின்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் விரதம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நானாகச் சொல்லும் வரை என்றுதான் வேண்டிக்கொண்டேன். இன்னொருத்தி முந்திச் சொன்ன பிறகு நான் சொன்னது அதில் சேருமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் ஆள் இல்லை. முன்பெல்லாம் இப்படி ஒன்று தோன்றினால் கேட்பதற்கு எனக்குக் கோயம்புத்தூரில் ஒருத்தி இருந்தாள்.

இனி அபிப்பிராயம். நாவல் நீளம் இல்லை. நீளம் என்கிறவர்கள் பொறுமை இல்லாதவர்கள். மூன்றாவது கொலையைச் செய்தது யார் என்று கடைசி வரை நான் கண்டுபிடிக்கவில்லை, அதில் தாங்கள் கெட்டிக்காரர். வேணியை நம்ப முடியவில்லை என்கிற கட்சியில் நானும் சேர்ந்துகொள்கிறேன். அவளுக்கு எழுநூற்று இரண்டாம் பக்கத்திலேயே எல்லாம் விளங்கிவிடுகிறது, மூன்று பக்கத்தில் நிம்மதியும் கிடைத்துவிடுகிறது. எனக்குத் தெரிந்தவரை அப்படி நடப்பதில்லை.

பள்ளிக்கூடக் காலத்திலிருந்து தாங்கள் எழுதிய கடிதங்கள் நூற்று நாற்பதுக்கு மேல் என் பெட்டியில் இருந்தன. இரண்டு பாகப் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஒன்றைக்கூட நான் யாருக்கும் படித்துக் காட்டியதில்லை.

என் கடிதங்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அவற்றிலிருந்து எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டீர்கள்.

இப்படிக்கு,
ஈ. ஜோதிலட்சுமி