பிள்ளையார் சுழி போட்ட சிடி

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
3.3.2006

அன்புள்ள எழிலுக்கு,

அம்மா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் அப்பாவின் உடம்பு முன்னைவிட மோசமாகவில்லை, எனக்கும் முட்டிவலி தவிர வேறு குறை இல்லை. அந்தக் குளிரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல். நலம் விசாரிக்காமல் கடிதம் தொடங்கக் கூடாது என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் நான், அதனால் விசாரித்துவிட்டேன். நீ தினமும் போன் செய்கிறாய், மணி அடிப்பது கேட்கிறது, எடுக்கத்தான் மனசு வரவில்லை. எடுத்தால் நீ ஒரு தடவை 'சாப்ட்டியாம்மா' என்பாய், நான் உருகிப்போய் எல்லாவற்றையும் விழுங்கிவிடுவேன். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது.

இந்த வீட்டில் சிடி காப்பி எடுக்கும் வேலை எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். பக்கவாதம் வந்து அப்பா படுத்ததும் அவருக்குப் பிடித்த பழைய படங்களின் ஒரிஜினல் சிடிகளைத் தேடி வாங்கி வந்தவன் நீ. ஆயுத பூஜைக்குப் பெட்டிக்கும் படிக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு அந்த சிடிகளின் பளபளப்பான பக்கத்திலும் நான் நன்றாக அழுத்தி வைத்துவிட்டேன். மறுநாள் படம் ஓடவில்லை. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்து முடித்து, புதிதாக வாங்கி வந்து, கம்ப்யூட்டரில் சிடி காப்பி எடுக்கும் ரைட்டரைப் பொருத்தி, என் விரலைப் பிடித்து எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினாய். இது திருட்டுக் காரியம் ஆகாதா என்று நான் கேட்டதற்கு, "நம்ம காசு குடுத்து வாங்குனதும்மா, வீட்டுக்குள்ள ஒண்ணு எடுத்து வச்சுக்கிட்டா யாரு கேக்கப் போறாங்க" என்று சொன்னது நீதான். ஒரிஜினலை பீரோவில் வை, காப்பியை ஓட்டு என்றாய். அப்படியேதான் செய்தேன். எடுத்த ஒவ்வொரு சிடியிலும் மார்க்கர் பேனாவால் முதலில் பிள்ளையார் சுழி போட்டு, அதற்குக் கீழே படத்தின் பெயர் எழுதுவேன். வெறும் சிடியில் எழுத எனக்குக் கை வராது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் சிடி கடை வைத்திருக்கும் அருள்ராஜைத் தெரியுமில்லையா, அவன் ஒரு நாள் வந்து, "டீச்சர், அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷனு, வீட்லயே கெடக்குறாங்க, அந்தப் பழைய படம் ஒண்ணு குடுத்தீங்கன்னா பாத்துக்கிட்டு இருப்பாங்க" என்றான். கொடுத்தேன். அது வீட்டை விட்டு வெளியே போனது என் தப்புதான், அதை ஸ்டேஷனிலேயே ஒப்புக்கொண்டேன். அந்தப் பாவி அதிலிருந்து கட்டுக்கட்டாக எடுத்து, போன பௌர்ணமிக்கு அடி அண்ணாமலை வழியில் கிரிவலம் வந்த ஜனங்களுக்குத் தார்ப்பாய் விரித்து விற்றிருக்கிறான். போலீஸ் கடையைச் சோதித்தபோது மெஷினுக்குள் இருந்தது நான் சுழி போட்ட சிடி. வந்த போலீஸ்காரர் யார் தெரியுமா, உன்னோடு நாலாவது படித்த கோபி. கரும்பலகையில் தினமும் பார்த்த சுழியாயிற்றே. தலையைச் சொறிந்துகொண்டே வாசலில் நின்று, "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர், பாத்ததுமே உங்க கைன்னு தெரிஞ்சிடுச்சு, ஐயா கூட்டியாரச் சொன்னாரு" என்றான். எதிர்வீட்டு வள்ளி கோலமாவுக் கிண்ணத்தோடு அப்படியே நின்று பார்த்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஸ்டேஷனுக்கு என் தம்பி, உன் ராமகிருஷ்ணன் மாமாவும் வந்தான். இந்த வயதில் உங்களுக்கு இதையெல்லாம் யாரம்மா சொல்லிக் கொடுத்தது என்று எஸ்.ஐ. கேட்டார். என் மகன், அமெரிக்காவில் இன்ஜினியர் என்றேன். அந்த இடத்திலும் எனக்குப் பெருமைதான். சரி, அவரையே கேளுங்கள் என்றார். மாமா உனக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை அழுத்தினான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரியாது. "நான் ஒண்ணும் சொல்லித் தரல மாமா, அம்மாவே யாருகிட்டயாவது கத்துக்கிட்டு இருப்பாங்க. எங்க கம்பெனி வேலையே சிடிய யாரும் காப்பி எடுக்க முடியாம பூட்டு போடுறதுதான். என் பேரு இதுல வரக்கூடாது" என்றாய். எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். கோபி தரையைப் பார்த்தான். அடுத்தவர் பொருளை ஒரு சாக்பீஸ்கூட வீட்டுக்குக் கொண்டுவராத நான், பெற்ற பிள்ளை வாயாலேயே பொய்க்காரி ஆனேன் எழில். அருள்ராஜ் ஏமாற்றினான், அவன் ஊரான். நீ யார்?

கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும்தானே என்னிடம் சொல்லியிருந்தாய். பூட்டு செய்கிறவன் சாவியை அம்மா கையில் கொடுத்தது பயமாக இருந்ததா? மாமா ஒரு வக்கீலைக் கேட்டால், சொந்த சிடியை வீட்டுக்குள் காப்பி எடுப்பது தப்பில்லை என்கிறார். இன்னொருவர் அதுவும் தப்புதான் என்கிறார். மாமா மகள் ஆர்த்தி, "இன்னும் கொஞ்ச வருஷத்துல சிடியே இருக்காது அத்தை, படமெல்லாம் ஒயர்லயே வந்து ஒயர்லயே போயிடும், கையில ஒண்ணும் மிஞ்சாது" என்று சிரிக்கிறாள். காசு கொடுத்த பிறகும் ஒரு பொருள் நம்முடையது இல்லையென்றால் அதற்கு வாங்குவது என்று ஏன் பேர்? ஜாடி ஊறுகாயைக் கொஞ்சம் சின்ன பாட்டிலில் எடுத்துவைப்பவளுக்கு உங்கள் சட்டம் விளங்கவில்லை. அது போகட்டும். வயதைப் பார்த்து என்னை எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பீரோவில் இருந்த ஒரிஜினல் உள்பட எல்லாம் ஸ்டேஷனில் கிடக்கிறது. சாயங்காலம் ஆனால் அப்பா நல்ல கையைத் தூக்கி டி.வி.யைக் காட்டுகிறார். ரிப்பேர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன்னைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். மாமாவுக்குப் போன் செய்து, ஸ்பீக்கரைப் போடச் சொல்லி, அம்மாவுக்குக் கற்றுக் கொடுத்தது நான்தான் என்று கோபி காதில் விழும்படி ஒரு முறை சொல். உன் வேலை போக வேண்டும் என்று நான் நினைப்பேனா? எஸ்.ஐ. அதை எழுத வேண்டாம், அமெரிக்காவுக்கு அனுப்பவும் வேண்டாம். அவர்கள் என்னை மறுபடி டீச்சர் என்று நிமிர்ந்து பார்த்துக் கூப்பிட்டால் போதும். முடியாது என்றால் அதையும் எழுது, பூசி மெழுகாதே.

ஆயிரம் கோபம் இருந்தாலும் நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. இன்னொன்று, இந்தக் கடிதத்தின் தலையைப் பார்த்திருப்பாய். எழுத உட்கார்ந்ததும் சுழி போடக் கை தானாகப் போனது, இழுத்துக்கொண்டேன். என் வாழ்நாளில் சுழி இல்லாமல் எழுதிய முதல் கடிதம் இது. போட்டிருந்தால் என் கை என்று பார்த்ததுமே தெரிந்துவிடும், அப்புறம் நீ என் மகன் என்பதும் தெரிந்துவிடும். உன் பேர்தான் இதில் வரக்கூடாதே.

ஆசிகளுடன்,
அம்மா