ரோசிக்குக் கொடுக்காத மருந்து

என் வாயை அடக்கத் தெரிந்த ஒரே ஆளான எஸ்தர் அக்காவுக்கு,

பெரிய பேரன் சிவகாசி அச்சாபீசில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். சின்னவன் பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கே முதலாவது. பேத்தி ஜெனி கால்நடை ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள். நாய்களின் வயிற்றைச் சீராக்கும் கிருமிகளில் எது ஆபத்தில்லாதது என்று சோதிக்கிற வேலை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் வீட்டுப் பிள்ளைகள், அக்கா. டீச்சரம்மா உன் வீட்டில் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?

உன் நாய் ரோசி இருந்தாள். உன்னை அடக்கம் பண்ணிய கையோடு உன் மகள் கிரேஸ் அவளை என் வாசலில் கட்டிவிட்டு, நர்ஸ் வேலைக்குத் துபாய் திரும்பிவிட்டாள். வேளைக்கு வேளை நீ ஊட்டிய கேக்கும் ரஸ்க்கும் ரோசியின் குடலைக் கெடுத்திருந்தன. நீ அதைப் பாசம் என்றாய். கழுவினது நான்தான். மல்லாங்கிணறு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தினால் மறுபடி தண்ணீராகப் போகும். நாளுக்கு நாள் இளைத்துச் சாகக் கிடந்தாள்.

அந்தக் கிருமியில் கொஞ்சம் கொண்டுவா என்று ஜெனியிடம் கேட்டேன். மாட்டேன் என்றாள். ரத்தம் கலந்த தட்டில் வளர்த்ததில் அது ரத்தத்தை உடைக்கவில்லையாம், அதுவரைக்கும் ஆபத்தில்லையாம். ஆனால் எந்த மருந்துக்குச் சாகும் என்ற சோதனை பாக்கியாம். அதிலும் தேறினால்தான் திடமான நாய்களுக்கே கொடுப்பார்களாம்.

"சாகப்போற நாய்க்கு என்னடி சோதனை?"

"நோவு கூடுச்சுன்னா, கூட்டுனது நான்தான அப்பாச்சி?"

கிரேஸுக்குப் போன் போட்டேன். "ஊசி போட்டு முடிச்சிருங்க சித்தி, பாவம்" என்றாள். வந்து பிடித்துக்கொள், போடச் சொல்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

சோதனை முடிவு வந்தது. இரண்டு மருந்துக்கு அந்தக் கிருமி சாகவே இல்லை. மருந்துக்குச் சாகாத அந்தக் குணத்தைக் குடலில் இருக்கிற கெட்ட கிருமிக்கும் கொடுத்துவிடக் கூடுமாம். மொத்தத்தையும் ஜெனி அவித்துக் கொட்டினாள். அதே வாரம் ரோசி போய்விட்டாள். என் பேத்தி செய்தது சரி. சரி என்றால், அவள் ஏன் அன்றைக்குச் சோறு தின்னவில்லை?

நேற்று கிரேஸ் வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டிருக்கிறாள். மடியில் குட்டி ரோசி, கழுத்தில் ரிப்பன், கீழே 'என் உயிரே' என்ற எழுத்து. சொந்தக்காரர்கள் எல்லாரும் அழுகிற பொம்மை போட்டிருக்கிறார்கள். ரோசியின் கடைசி நாளில் நான் எடுத்த படத்தை அவளுக்கு அனுப்பினேன். சாக்கில் கிடக்கிறாள், விலாவெலும்பு தெரிகிறது. பழசை எடுத்துவிட்டு இந்தப் புதுசைப் போடு என்று கேட்டிருக்கிறேன். போடுகிறவரை தினம் காலையில் கேட்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
ரூத்து