அப்பாவின் ரயில்வே கார்டு

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே இருப்பார். அதனால் எழுதுகிறேன்.

உன் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குக் கனடா வர அப்பா தயாராகிவிட்டார். பயணக் காப்பீட்டு ஏஜென்ட் வந்து, பழைய நோய் ஏதாவது உண்டா என்று கேட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, கல்லு மாதிரி இருக்கேன்" என்றார் அப்பா. போன கோடையில் வேளாங்கண்ணிக்குப் போகும் வழியில் நெஞ்சுவலி வந்து, பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். உன்னிடம் சொல்ல என்னை விடவில்லை.

நோயை மறைத்தால் காப்பீட்டுப் பணம் கிடைக்காது என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். அதை மெதுவாக ஞாபகப்படுத்தினேன்.

"பயம் நக்கோ, பயப்படாத பாப்பா. ரிட்டயர் ஆனாலும் ரயில்வே மெடிக்கல் கார்டு இருக்கே! அக்கா ஊர்ல ரயில் ஓடுதில்ல? அப்ப ரயில்வே ஆஸ்பத்திரியும் இருக்கும்."

பெரம்பூரில் கார்டைக் காட்டியதும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தத் தைரியம்.

இப்போதும் அப்பா மாடிப்படியில் பாதியில் மூச்சுவாங்க நின்று, சாவியைத் தேடுவதுபோல் பையைத் துழாவுகிறார். நானும் பின்னால் நிற்கிறேன். பள்ளிக்கூட வேலையை விட்டதிலிருந்து இதுதான் என் வேலை.

அக்கா, நீயே குழந்தையோடு வந்துவிடு. நம் செகந்திராபாத் கோயிலில் ஞானஸ்நானம் கொடுப்பதாக மாதாவுக்கு நீ நேர்ந்துகொண்டதாக அப்பாவிடம் சொல். நேர்ச்சை என்றால் மறுக்க மாட்டார்.

அந்தப் பொய்யை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

படியில் நிற்கும்
உன் தங்கை